மலையும் குளமும் கொடுத்த வீடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்ட நினைத்து என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் நான் சொல்லும் தொகைக்குள் வராத செலவுகள் இருக்கின்றன. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிப் போடும் கருங்கல்லுக்காக ஒரு மலை குறைகிறது. பள்ளமான மனையை நிரப்ப வேறொரு ஊரில் ஒரு மேடு வெட்டப்படுகிறது. முன்பு மழைத் தண்ணீர் தங்கிய இடத்தில் வீடு நிற்பதால், அந்தத் தண்ணீர் அடுத்தவர் வாசலுக்குப் போகிறது. இவற்றுக்கு யாரும் ரசீது தருவதில்லை. வீடு கட்டியவர் கொடுக்காத அந்தப் பணத்தை வேறு யாரோ, பல ஆண்டுகள் கழித்துக் கொடுக்கிறார்கள்.

வளரும் நாடுகளில் வீடுகளும் சாலைகளும் ஊர்களும் நீடித்து நிற்கும்படி வளர்வதற்கு எவை துணை செய்கின்றன, எவை தடுக்கின்றன என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லுக்கு இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் விளக்கம் 1987-ல் வந்தது. நார்வே நாட்டின் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையில் அமைந்த ஐ.நா. ஆணையம் அதைத் தந்தது. இன்றைய தேவையை நிறைவேற்ற வேண்டும். அதனால் நாளை வரும் தலைமுறையின் தேவைக்குக் குறை வந்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். பணக்கார நாடுகளில் இதன் பின்பாதியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நம்மிடம் முன்பாதியே இன்னும் முடியவில்லை. மழை ஒழுகாத கூரையும் கதவு போட்ட கழிப்பறையும் இன்னும் கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து "சிமெண்ட் வேண்டாம், பூமி சூடாகிறது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சிமெண்ட் தயாரிப்பில் மட்டும் உலகத்தின் கரிப்புகையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு வெளியாகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டிய நிலை வளரும் நாடுகளுடையது.

நம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்த சின்ன மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். வடக்கே மலை, காடு. தெற்கும் மேற்கும் கடல். நடுவில் மிஞ்சுவதில் வயல், குளம், தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம். புதிதாக எந்த வீடு எழுந்தாலும் இவற்றில் ஒன்றின் மேல்தான் எழ முடியும். ஆகவே நிலந்தான் இங்கே முதல் காரணம். மற்றக் காரணங்கள் எல்லாம் அதன் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைந்த வயல்களை இன்று மனையாகப் பார்க்கிறோம். வயல் என்பது தாழ்ந்த நிலம். அங்கே வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் சாலை மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். பழையாற்றை ஒட்டிய ஒரு ஊரில், வயலாக இருந்த இடத்தில் ஒரு வீட்டுக்கு நான் வரைபடம் போட்டேன். நான்கடி உயரத்துக்கு மண் அடித்தார்கள். நானும் சரி என்றேன். மனைக்குச் சொந்தக்காரருக்கு அதுதான் பாதுகாப்பு. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் ஓட்டு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டவில்லை. "மோளே, எங்க வீட்டையும் நாலடி தூக்கி வைக்க ஒரு வழி சொல்லு" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் வரைபடத்தில் அந்த அம்மாவின் வீடு இல்லவே இல்லை. மனையின் எல்லைக்கோட்டோடு என் வரைபடம் முடிந்திருந்தது. நான் செய்த தவறு அது. இன்று வரைக்கும் எங்கள் தொழிலில் நடைமுறையாக இருப்பதும் அதுதான்.

இந்த மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. அவை தனித்தனிப் பள்ளங்களாக இருந்தவை அல்ல. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் கால்வாய்களும், அவற்றுக்கு வெகுகாலம் முன்பே வெட்டப்பட்ட வாய்க்கால்களும், ஒரு குளத்தின் மிகுநீர் வழியும் மறுகாலை அடுத்த குளத்தின் வாயோடு சேர்த்து வைத்தன. ஒரு குளத்தின் கரையில் பத்துச் சென்ட் போனால் அந்தக் குளத்துக்கு மட்டும் நட்டம் என்று நினைக்கிறோம். கீழே உள்ள ஐந்தாறு குளங்களின் கணக்கும் அதோடு மாறிவிடுகிறது. நான்குவழிச் சாலை வேண்டும் என்று எல்லோரும் கேட்டோம், நானும்தான். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகும் பஸ்ஸில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த ஆசை புரியும். ஆனால் சாலையின் கரைமேடு ஒரு குளத்தைக் குறுக்கே வெட்டிப் போகும்போது, அடியில் எத்தனை கண் பாலம் வைக்கிறோம் என்ற கேள்வி சாலைப் பொறியாளருடைய மேசையில் மட்டும் முடிவாகக் கூடாது. அந்தக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கத் தனிச் சட்டமே 2008-ல் வந்தது. நம் பக்கம் அப்படி நெல்வயலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. நல்ல அதிர்ச்சி அது. மனைத் தரகர்கள் பலர் அன்றுதான் முதன்முறையாக அங்கீகாரம் என்ற சொல்லைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். மறு ஆண்டே, ஏற்கெனவே பிரித்து விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. வாங்கிவிட்டுத் தவித்த ஏழைக் குடும்பங்களுக்கு அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் "இப்போது நிரப்பிவிடலாம், பிறகு பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்" என்ற நினைப்பு ஊரில் வேரூன்றிவிட்டது. வளரும் நாடுகளில் விதிகள் போதவில்லை என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, எழுதிய விதியை விட, அது தளரும் என்ற நம்பிக்கைதான் மனை விற்பவர்களை நடத்துகிறது.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலையோரக் கிராமங்கள் பல, மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருபவை. ஆற்று மணல் கிடைக்காமல் போன பிறகு பாறையை உடைத்துப் பொடியாக்கி எம்-சாண்ட் என்று பயன்படுத்துகிறோம். அப்படி உடைத்த கல்லும் மணலும் மார்த்தாண்டம் வழியாக இரவும் பகலும் லாரிகளில் எல்லை தாண்டிப் போவதைச் சாலையோரம் குடியிருக்கும் நேயர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். இன்னொரு பக்கம், கடலரிப்பைத் தடுக்கக் கடற்கரையில் கொட்டும் பாறைகளும், அலையின் வேகத்தைக் குறைக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுக்குப் போடும் பாறைகளும் மலையிலிருந்துதான் வருகின்றன. கடற்கரைச் சகோதரர்கள் தூண்டில் வளைவு கேட்டுப் போராடுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் அலை வரும்போது வேறு எதைக் கேட்பார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் வால்நுனியைக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற வலியும் எனக்கு இருக்கிறது. இந்த இரண்டு நியாயங்களையும் ஒன்றாக வைத்துப் பேச ஒரு மேடை நம்மிடம் இல்லை. கனிமம் ஒரு துறை, மீன்வளம் ஒரு துறை, நீர்வளம் ஒரு துறை.

அடுத்து பணம். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போனவர்களின் முதல் கனவு, கான்கிரீட் கூரை போட்ட வார்ப்பு வீடு. கல்யாணப் பேச்சில் "ஓட்டு வீடா, வார்ப்பு வீடா?" என்ற கேள்வி வரும். ஓட்டுக்கு மேல் வறுமை என்று எழுதி ஒட்டியதுபோல ஆகிவிட்டது. பணத்தைக் கொடுக்கும் இடங்களும் அதையே உறுதிப்படுத்துகின்றன. ஐந்தாண்டுக்கு முன்பு, ஓட்டுக் கூரையும் மண் கட்டிச் சுவரும் வைத்து நான் வரைந்த ஒரு வீட்டுக்கு வங்கிக் கடன் கேட்டோம். மதிப்பிட வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். வார்ப்புக் கூரையாக இருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் பாதியைத்தான் பரிந்துரைத்தார். அந்தக் குடும்பம் திட்டத்தை மாற்றியது. நான் போட்ட கணக்கில் மலிவாக வந்த வீடு, கடன் கணக்கில் கட்ட முடியாத வீடாகிவிட்டது.

அரசுத் திட்டங்களும் கூரையைத் தீர்மானிக்கின்றன. 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஓலைக் குடிசையில் தீக்கும் காற்றுக்கும் பயந்து வாழ்ந்தவருக்கு இது பெரிய விடுதலை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த இரவில் கூரை பறந்துபோன குடும்பங்களைப் பார்த்தவள் நான். உறுதியான கூரைக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு. கான்கிரீட் கூரையையே வேறு விதமாகவும் போடலாம். அதற்கு இந்தத் திட்டங்களில் வழிகாட்டவும், தெரிந்த கொத்தனாரை அனுப்பவும் வேண்டும்.

அந்த வேறு விதத்தை விளக்குகிறேன். கூரை வார்ப்பில் பாரம் வரும்போது மேல்பாதி நசுங்கப் பார்க்கும், கீழ்பாதி இழுபடப் பார்க்கும். நசுக்குவதைக் கான்கிரீட் தாங்கும்; இழுப்பைத் தாங்காது, அதைக் கம்பிதான் தாங்குகிறது. அப்படியானால் கீழ்பாதியில் கம்பிகளுக்கு இடையே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய ஓட்டைக் கவிழ்த்து வைத்து வார்த்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் மிச்சம். கூரையின் எடை குறைகிறது, கம்பியும் குறைகிறது, ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கொஞ்சம் தடுக்கிறது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டும் இதே மாதிரிதான். ஒன்பது அங்குலச் சுவரில் கால்பங்குக் கல் மிச்சமாகும். தோவாளைப் பக்கத்துச் சூளைகளில் வேகும் கல் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வயலின், குளத்தின் மண் என்பதை நினைத்தால், அந்தக் கால்பங்கு சின்னக் கணக்கு இல்லை.

இந்த முறைகளைத் திருவனந்தபுரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் செய்து காட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், இங்கேயே வாழ்ந்து 2007-ல் மறைந்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுவதும் பின்பற்ற முயன்றவர் அவர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த முறை நம் மாவட்டத்தில் ஏன் பரவவில்லை? இந்தக் கேள்விதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது.

பல கொத்தனார்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னது நேரடியான பதில். எலிப்பொறிக் கட்டில் கை நிதானம் வேண்டும், ஒரு நாளில் எழும் சுவர் குறையும். சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு அது நட்டம். கல் மிச்சமானால் லாபம் வீட்டுக்காரருக்கு. நேரம் போனால் நட்டம் வேலை செய்தவருக்கு. சிமெண்ட் கடைக்காரருக்கும் கம்பிக் கடைக்காரருக்கும் குறைவாக விற்பதில் ஆர்வம் இருக்க முடியாது. எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கும் கட்டணம் பெரும்பாலும் மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்றுதான். செலவைக் குறைக்க மூளையைச் செலவழிக்கும் பொறியாளருக்கு ஊதியம் குறைகிறது. ஒரு வீட்டில் கை வைக்கும் அத்தனை பேரும் நல்லவர்களாகவே இருந்தாலும், எல்லோருடைய வயிற்றுப்பாடும் அதிகச் சிமெண்ட்டின் பக்கமே சாய்ந்திருக்கிறது. நிலைத்த கட்டுமானத்தைத் தடுப்பது தொழில்நுட்பக் குறை என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். என் அனுபவத்தில் கூலிக் கணக்குத்தான் அதைத் தடுக்கிறது. நான்கு ஆண்டுகளாக நான் மொத்தச் செலவில் பங்கு வாங்குவதில்லை. வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுகிறேன். கொத்தனாருக்கு இப்படிப்பட்ட சுவருக்கு நாள் கூலி. வீட்டுக்காரர்கள் முதலில் தயங்குவார்கள். கல் மிச்சமான கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொள்கிறார்கள்.

கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் இந்த முறைகளில் கட்டிக் காட்டியும் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தும் வருகிறது. அங்கே போய்ப் பாருங்கள். மண் கட்டிச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்க் கட்டட வேலையில் ஜல்லியும் சாந்தும் சுமப்பது சித்தாள் பெண்கள். இருபது ஆண்டு சுமந்த பிறகும் கரண்டி அவர்கள் கைக்கு வருவதில்லை. சுவரின் தூக்குக்குண்டு எப்படி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட பெண்கள் எனக்குத் தெரியும். நிதானமும் நேர்த்தியும் வேண்டும் என்று சொல்லும் வேலைக்கு, நிதானமான கைகளை வெறும் சுமைக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ இந்த மாவட்டக் கடற்கரை மறக்காது. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் போன உயிர்கள், மணக்குடிப் பாலத்தைத் தண்ணீர் தூக்கி எறிந்த காட்சி. பிறகு பல அமைப்புகள் வீடு கட்டிக் கொடுத்தன. நன்றிக்குரிய பணி. ஆனால் கடலோரத்தில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து மேல்பூச்சைப் பிளக்கும். கம்பிக்கு மேல் போதிய கனம் விடாத வீடுகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டிலேயே கூரை உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். கட்டிக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். பழுது பார்க்கப் பணம் வைத்துவிட்டுப் போனவர் யாரும் இல்லை. வலை எங்கே காய வைப்பது, அடுப்பங்கரை எந்தத் திசையில் வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டவர்களும் குறைவு.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 47 அடிகூட வராது. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே ஐம்பதடியாவது வேண்டும் என்று நாங்கள் சொல்வது வழக்கம். எதிரெதிர் மூலையில் வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றை ஒட்டி நிற்கும். மழைநீர் சேகரிப்பை 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. இருந்தும் பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று தெருச் சாக்கடையில் இறங்குகிறது. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு கழிவுத் தொட்டி, ஒரு கிணறு என்று திட்டமிட்டால் இரண்டும் சரியாகும். அப்படிச் செய்த அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் மதில் கட்டுவதற்கு முன்பே பேசியிருந்தார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டி, "அந்தக் காலத்தைப் போலக் கட்டக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அளவு மரத்துக்கு இன்று காடு கிடையாது. அரசன் சொன்னதற்காக உழைத்த கைகளை அப்படி மீண்டும் கேட்கவும் கூடாது. ஆனால் அங்கே உள்ளே நிற்கும்போது வெயில் குறைந்து காற்று மட்டும் வருகிறதே, அதைக் கவனியுங்கள். சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, சாய்ந்த மரச் சட்டங்கள் வைத்த சன்னல்கள், நடுமுற்றம். சுவருக்கு வெளியே இரண்டடி கூரையை நீட்ட அரண்மனை தேவையில்லை. இன்று கட்டும் பெட்டி வீடுகளில் அந்த இரண்டடியை மிச்சம் பிடித்துவிட்டு, மழை அடிக்கும் சுவருக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுகிறோம். படுக்கை அறைக்கு ஏ.சி. வாங்குகிறோம்.

திருவட்டாற்றில் என் அம்மா வளர்ந்த வீடு அறுபத்தைந்து ஆண்டு பழையது. ஓட்டு வீடு. இடித்துவிட்டு வார்த்துவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆசாரியை வரவழைத்து, ஓட்டைத் தாங்கும் கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். அயனி மரம், மூன்று மட்டுமே செல்லரித்திருந்தன. அவற்றை மாற்றியாயிற்று. சுவரின் கீழ்ப்பகுதியைச் சுண்ணாம்புச் சாந்தால் பூச, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தன் மகளையும் கொத்தனார் சனிக்கிழமைகளில் அழைத்து வருகிறார். கரண்டி அந்தப் பெண்ணின் கையில். ஓடுகளைக் கழுவி முற்றத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். உடைந்தது போக எண்ணூற்றுச் சொச்சம் தேறியிருக்கிறது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.